மூன்று மணி நேரப் பேச்சு

ஹேமிஷ் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் அவன் தலையில் நறுக்கென்று ரெண்டு குட்டு வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஊரையே அவன்மேல் ஏவிவிட்டேன்.

அவன் ஆப்பிள் தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறவன். நான் மற்றவர்கள் எழுதிய நிரல்களை உடைத்துப் பார்க்கிறவள். சோதனையாளர் என்று மரியாதையாகச் சொல்வார்கள். உடைந்தால்தான் எனக்குச் சந்தோஷம். ஒன்பது வருஷமாக, ஆஸ்திரேலியாவின் தெற்குக் கோடியிலுள்ள ஹோபார்ட்டில், மலைச் சரிவில், ஒரே வீட்டில் குடித்தனம். கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளவில்லை. இங்கே யாரும் அதைக் கேட்பதும் இல்லை, ஹேமிஷின் அம்மா கிளெனிஸைத் தவிர.

மார்ச் மாதம் அவன் மெல்போர்னில் ஏதோ மாநாட்டுக்குப் போனான். போகும்போது மனுஷனாகத்தான் போனான். திரும்பி வந்து பையைக் கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தான்.

"மெரின், நம்ம வாழ்க்கையில என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சுபோச்சு."

"நீதான்."

"விளையாடாதே, கேளு. ஒரு கம்ப்யூட்டர் முன்னால நூறு வேலை நிக்குது. எதை முதல்ல எடுக்கணும்? இருக்கறதுலயே சின்னதை. அதை முடிச்சிட்டு அடுத்த சின்னது. அப்படிச் செஞ்சாத்தான் மொத்தத்துல எல்லாரும் காத்திருக்கிற நேரம் குறையும். கணக்குப் போட்டு நிரூபிச்ச விஷயம் இது."

"அப்ப பெரிய வேலை?"

"அதுவும் வரும். சின்னதெல்லாம் முடிஞ்சதும்."

"சின்னது எந்தக் காலத்துலடா முடிஞ்சிருக்கு?"

காதில் வாங்கவே இல்லை. அன்று சாயங்காலமே பழைய டேப்லெட் ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். அதற்கு 'வரிசை' என்று பெயர். யார் வேண்டுமானாலும் அதற்குச் செய்தி அனுப்பலாம். வேலை என்ன, எவ்வளவு நேரம் ஆகும், இரண்டையும் அனுப்புகிறவரே எழுத வேண்டும். நேரம் எழுதாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். இருப்பதில் சின்ன வேலை மேலே ஏறி நிற்கும். எடுத்த வேலையை முடித்து ஒரு தட்டுத் தட்டினால்தான் அடுத்தது வரும், நடுவில் விட்டுவிட்டு ஓட முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் ஒன்று: குறுக்கே பேசக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் வரிசையில் போடு.

"ஒரு வாரம் தாங்க மாட்ட," என்றேன்.

"நீதான் தாங்க மாட்ட. வாய மூடிட்டு இருக்கிற ஆளா நீ? பந்தயம் வச்சுக்கலாமா? ஜூன்ல குளிர்காலம் பிறக்கிற வரைக்கும். யார் முதல்ல சட்டத்தை மீறறாங்களோ, அவங்க வெர்னோட கோழிக் கூண்டைக் கழுவணும்."

வெர்ன் பக்கத்து வீட்டுக்காரர். படகுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கோழிக் கூண்டை யாரும் கழுவிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் நாங்கள் ஜன்னலை மூடிவிடுவோம். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று கை கொடுத்துவிட்டேன்.

முதல் அடி விறகில் விழுந்தது. ஏப்ரலில் விறகு லாரி வந்து ஒரு மலையையே வாசலில் கொட்டிவிட்டுப் போனது. மழைக்கு முன்னால் அதைக் கொட்டகையில் அடுக்காவிட்டால் குளிர்காலம் முழுக்கப் புகையைத்தான் குடிக்க வேண்டும். நான் வரிசையில் 'விறகு அடுக்குவது, ஆறு மணி நேரம்' என்று போட்டேன். உண்மையில் இரண்டு மணி நேர வேலைதான். ஆனால் எங்கள் சோதனைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும், மனதில் தோன்றியதை மூன்றால் பெருக்கித்தான் சொல்வோம். வேலைக்குச் சேரும் முதல் நாளே பக்கத்து நாற்காலிக்காரர் காதோடு சொல்லிக் கொடுப்பது இது. அப்புறம் அது நாக்கில் ஊறிப்போய்விடும். பல் தேய்க்க எத்தனை நேரம் என்று கேட்டாலும் மும்மடங்குதான் வரும்.

ஆறு மணி நேர வேலை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஹேமிஷ் தினமும் சந்தோஷமாக நகம் வெட்டினான், பல்பு மாற்றினான், ஒற்றைக் காலுறைகளுக்கு ஜோடி தேடினான். விறகுக் குவியலுக்குப் பின்னால் அவனுடைய கார் சிறைப்பட்டிருந்தது. வெர்ன் வேலிமேல் கையூன்றி நின்று விறகையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"தம்பி, மழை வருதுப்பா."

"வரிசையில இருக்கு வெர்ன்."

"மழையும் வரிசையில நிக்குமா?"

மூன்றாம் நாள் எனக்கு மூளை வேலை செய்தது. விறகு வேலையை நீக்கிவிட்டு, 'ஓர் அணைப்பு விறகு கொட்டகைக்குக் கொண்டுபோ, இரண்டு நிமிடம்' என்று போட்டேன். அப்படியே அறுபது தடவை. 'டிங்' என்று டேப்லெட் அடிக்க அடிக்க அவன் ஓடி ஓடிச் சுமந்தான். இருட்டுவதற்குள் கொட்டகை நிறைந்துவிட்டது. வியர்வையோடு வந்து நின்று, "பாத்தியா? எப்படி வேலை செய்யுது பாரு!" என்று டேப்லெட்டைத் தட்டிக் கொடுத்தான். நான் அடுப்படிப் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன்.

அதோடு விட்டிருந்தால் இது வெறும் விறகுக் கதை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. தென்துருவக் கண்டமான அண்டார்டிகாவில் உள்ள ஆய்வு நிலையத்தில் ஒரு வருஷம், குளிர்கால இருட்டையும் சேர்த்து, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வசந்தத்தில் கப்பல். மூன்று முறை விண்ணப்பித்து இந்தத் தடவைதான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வருவேன், வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். இந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து அந்தக் கப்பல் கிளம்புவதைச் சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் பார்த்து ஏங்கியவள் நான். கால் தரையில் பாவவில்லை.

ஹேமிஷ் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "அடிப்பாவி, சாதிச்சுட்டியே!" என்றான். இறக்கிவிட்டதும், "இதைப் பத்தி உக்காந்து பேசணும் இல்ல? வரிசையில போட்டுடு," என்றான்.

எனக்குப் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் திரும்பி வரும்வரை இவன் காத்திருப்பானா? ஒரு வருஷம் சின்ன விஷயம் இல்லை. எங்களுக்குத் தெரிந்து அங்கே போய் வந்தவர்களில் பாதிப் பேருக்கு, வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. இவன் காத்திருப்பான் என்றால் போவேன். இல்லை என்றால் எனக்கு அந்தப் பனிக்கட்டி வேண்டாம். வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கோழிக் கூண்டுக்கா பயந்தேன்? கேட்டதும் அவன் ஒரு நொடி தயங்கினால்? அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் நானும் நல்ல பிள்ளையாக வரிசையில் போட்டேன்: 'தென்துருவ வேலை பற்றிப் பேச வேண்டும், மூன்று மணி நேரம்.'

ஹேமிஷ் அதைப் பார்த்தான். ரொட்டி வாட்டும் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதில் இருக்கும் தூளைத் தட்டப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் என் வேலை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அதற்கு மேலே பழைய பேட்டரிகளைப் பிரித்து வைப்பது, மிளகு டப்பாவை நிரப்புவது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது என்று நிற்கின்றன. இதெல்லாம் யார் கேட்ட வேலை? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. விறகு வைத்தியத்தையே மறுபடி எடுத்தேன். என் பேச்சை அணைப்பு அணைப்பாக வெட்டினேன்.

'பெங்குவின் பிடிக்குமா? அரை நிமிடம்.'

"பிடிக்கும்!" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

'எனக்கு அங்கே போக எவ்வளவு நாளாக ஆசை என்று தெரியுமா? அரை நிமிடம்.'

"தெரியும்!"

'ஒரு வருஷம் என்பது நீளமா? ஒரு நிமிடம்.'

"எதோட ஒப்பிட்டா?"

இப்படி மதியத்துக்குள் ஒரு கூடைக் கேள்வி போட்டேன். சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அவன் எழுந்து வந்து டேப்லெட்டில் ஏதோ தட்டினான்.

"இனிமே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு வேலைதான். அதுக்கு மேல எடுத்துக்காது."

"ஒரு ஆளுக்கு மூணா?"

"ஆமா."

"ஆளுக்குத்தானே?"

"ஆமா, ஏன்?"

"சும்மா கேட்டேன்."

எப்படிப்பட்ட அசடு பாருங்கள்! சோதனை செய்கிறவளிடமே பின்வாசலைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறான். நான் கிளெனிஸைக் கூப்பிட்டேன்.

"உங்க பையன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும் கிளெனிஸ். என் கணக்கு முடிஞ்சுபோச்சு. நீங்க கேளுங்களேன்."

"நேரா கேளேன் கண்ணு. வாய் இல்லையா உனக்கு?"

"வரிசை."

"அட கடவுளே. சின்னப்பிள்ளையிலயும் இப்படித்தான். தட்டுல பட்டாணிய உருண்டை பாத்து, சின்னதுலேர்ந்து எடுத்துத் தின்பான். கறி ஆறிப் போயிடும். சொல்லு, என்ன கேக்கணும்?"

'மெரின் ஊரில் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வருவாயா' என்று கேட்கச் சொன்னேன். வருவேன் என்று பதில் வந்தது. 'அழுவாயா' என்று அவராகவே இரண்டாவதைக் கேட்டார். 'அம்மா, இது அரை நிமிஷ வேலை இல்லை' என்று திரும்பி வந்தது. மூன்றாவதை எனக்குச் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்: 'கல்யாணம் எப்போது? அரை நிமிடம்.' ஹேமிஷ் அன்று முழுக்கக் காது சிவந்து திரிந்தான்.

புதன்கிழமை மதுக்கடையில் வாராவாரம் நடக்கும் வினாடி வினாவுக்கு எங்களோடு உட்காரும் கோஷ்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். கோஷ்டிக்குக் கொண்டாட்டம். ஆளுக்கு மூன்றாக அங்கேயே செல்போனை எடுத்துத் தட்டினார்கள். வீட்டில் 'டிங் டிங்' என்று குளிர்பதனப் பெட்டி கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டிருந்ததாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாயா? ஊற்றுவேன். அவள் நாற்காலியில் வேறு யாராவது உட்காரலாமா? கூடாது. தனியாகச் சமைத்துத் தின்பாயா? முட்டை இருக்கிறது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அந்த நாற்காலிப் பதிலை மட்டும் மூன்று தடவை படித்தேன். படித்து என்ன செய்ய? கேள்வி இன்னும் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை வெர்னைப் பிடித்தேன்.

"வெர்ன், அவன்கிட்ட ஒண்ணு கேளுங்க. அவ போறேன்னா நீ தடுப்பியான்னு."

"அவ்வளவுதானே? ஒரு நிமிஷம்மா."

வெர்னுக்கு உலகத்தில் எல்லாமே ஒரு நிமிஷம்தான். ஒரு நிமிஷம் என்று சொல்லித்தான் போன வருஷம் எங்கள் வேலியைப் பிரித்தார். இப்போதும் டேப்லெட்டில் 'டிங்' என்றது. எட்டிப் பார்த்தேன். 'கோழிக் கூண்டுக் கதவு சிக்குகிறது, ஒரு நிமிடம்.' மனுஷர் என் கேள்வியை மறந்துவிட்டுத் தன் வேலையைப் போட்டிருக்கிறார்!

ஹேமிஷ் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனான். கதவைக் கழற்றினால் மரச்சட்டம் கையோடு வந்தது. சட்டத்தோடு கூரைத் தகரம் சரிந்தது. கோழிகள் தெருவுக்கு ஓடின. எடுத்த வேலையை நடுவில் விடக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம், ஆகவே விடவில்லை. பொழுது சாயும்வரை அவன் கோழி துரத்துவதைச் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. முழு வியாழக்கிழமையும் போயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை மலையுச்சியில் புதிதாகப் பனி விழுந்திருந்தது. இவனுக்குப் பெங்குவின் பிடிக்கும், முட்டை இருக்கிறது, செடி வாடாது. ஊரில் எல்லாருக்கும் எல்லாப் பதிலும் தெரியும். அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அதைப் போய் வெர்னிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல முடியுமா?

ஹேமிஷ் சமையலறையில் இருந்தான். கெட்டிலுக்குள் படிந்த சுண்ணாம்பைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. இன்னும் அரை மணியில் நான் தொலைபேசியை எடுத்தாக வேண்டும். இவன் சுண்ணாம்பு சுரண்டுகிறான்!

பந்தயமாவது மண்ணாவது. டேப்லெட்டைக் கதவிலிருந்து பிய்த்து மேசையில் கவிழ்த்துப் போட்டேன்.

"டேய்! ஒரு வருஷம் போயிட்டு வந்தா, எனக்காகக் காத்திருப்பியா மாட்டியா?"

"காத்திருப்பேன்," என்றான்.

தயங்கவே இல்லை. கரண்டி கூட நிற்கவில்லை. அப்புறம்தான் அது நின்றது. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இதைக் கேக்கவா மூணு மணி நேரம்னு போட்ட?"

"ஆமா."

"இது ஒரு வார்த்தை, மெரின்!"

"பழக்கதோஷம்டா. எதுக்கும் அதிகமா போட்டுத்தான் பழக்கம், உனக்குத் தெரியாதா?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "மூணு மணி நேரம்னு பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. மூணு மணி நேரம் உக்காந்து பேசறதுக்கு என்ன இருக்கும்? உன்னை விட்டுட்டுப் போறேன், திரும்பி வந்தாலும் இங்க வர மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் அவ்வளவு நேரம் ஆகும். அது மேல வந்துடக் கூடாதுன்னு..."

"கூடாதுன்னு?"

"நானே சின்னச் சின்னதா போட்டுக்கிட்டே இருந்தேன். பேட்டரி, மிளகு. இந்தக் கெட்டில் கூட."

நான் கெட்டிலைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அது இப்படிப் பளபளத்ததே இல்லை. நாலு நாளாக நான் இவனை அந்தப் பேச்சுக்குத் தள்ளப் பார்க்க, இவன் அதற்கு முன்னால் சுவர் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது?

"ஒரு வருஷம்டா. சும்மா சொல்லிடாதே. கஷ்டமா இருக்கும்."

"காத்திருக்கிறது ஒரு வேலையே இல்ல. கம்ப்யூட்டர்ல காத்துக்கிட்டிருக்கிற நிரல் எதையும் தின்னாது, யாரையும் தொந்தரவு பண்ணாது. ஒரு ஓரமா உக்காந்திருக்கும். கூப்பிட்டா எழுந்துக்கும்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "போன எடு. பேசு. பன்னெண்டு அடிக்கப் போகுது."

பேசினேன். வருகிறேன் என்றேன். வைத்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றோம். என் தோளில் முகத்தை வைத்தபடியே அவன் சொன்னான்:

"குறுக்க பேசிட்ட. தோத்துட்ட."

பாவி!

மதியம் முழுக்க நான் கோழிக் கூண்டுக்குள் குனிந்து கிடந்தேன். ஹேமிஷ் புதிதாக மாட்டிய கதவில் வெர்ன் சாய்ந்து நின்று, "ஒரு நிமிஷ வேலைம்மா" என்று ஊக்கம் கொடுத்தார். அந்த நாற்றத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. தென்துருவத்தில் எவ்வளவு குளிர் அடித்தாலும் காற்று சுத்தமாக இருக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் அதைச் சுரண்டி முடித்தேன்.

கை கால் கழுவிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். மேசையில் சூடாக, சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட அப்பம் ஒன்று வாங்கி வைத்திருந்தான். டேப்லெட் மறுபடி கதவில் ஒட்டப்பட்டிருந்தது. மேலே ஒரே ஒரு வரி தெரிந்தது: 'மெரினுக்காகக் காத்திருப்பது, பூஜ்யம் நிமிடம்.'

பூஜ்யத்தைவிடச் சின்னது எது? அது எப்போதும் உச்சியில்தான் நிற்கும். கண் கலங்கியது. ஆனாலும் தொழில் புத்தி விடுமா?

"டேய், இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன?"

"மேல இருக்கிறதை முடிச்சுத் தட்டினாத்தான் அடுத்தது வரும்னு நீதானே வச்ச? இது முடியறதுக்கு நான் திரும்பி வரணும். அது வரைக்கும் உன் வரிசை மொத்தமும் நின்னு போயிடும்டா. ஒரு பல்பு மாத்த முடியாது, ஒரு நகம் வெட்ட முடியாது."

அவன் அப்பத்தை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை என் தட்டில் வைத்தான்.

"தெரியும்," என்றான்.